தண்ணீர்ப் பாத்தி

இலையின் மேல் ஒரு முட்டை.

அரை மில்லிமீட்டர் இருக்கும். வெளிர் மஞ்சள். லென்ஸை அருகே கொண்டுபோனால் உச்சியிலிருந்து அடி வரை மெல்லிய வரிகள் இறங்குகின்றன.

பக்கத்தில் வேறு முட்டை இல்லை. காய்ப்புழுவின் தாய் அந்து குவியலாக இடுவதில்லை. பூங்கொத்தை ஒட்டிய இளம் இலையில் ஒன்று. பிறகு வேறு இலை. பிறகு வேறு செடி. வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி இடம்.

மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிவதற்கு முன் நிறம் கருக்கும்.

இப்போது மஞ்சள்.

*

காலை. ராயக்கோட்டைக்கு அருகே செம்மண் வயல். பார்களின் ஓரத்தில் நேற்றுப் பாய்ந்த நீரின் ஈரம்.

கை படுவதற்கு முன்பே தக்காளி இலையின் வாடை வந்துவிடுகிறது.

செடிகளை விலக்கி நகர நகர விரல்நுனியில் பச்சை படிகிறது. வெயில் ஏற அது கருப்பாகிறது. கழுவும்போது மஞ்சளாகக் கரைந்து ஓடுகிறது.

இலையின் நுண்மயிர்கள் கசியவிடும் பிசின் அது. லென்ஸுக்குள் ஒரு மயிரின் நுனி. நுனியில் ஒரு சொட்டு. சொட்டில் ஒரு சிறு பூச்சி, காலை இழுத்தபடி.

தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றின் மயிர்களில் 2-டிரைடெகனோன் என்ற பொருள் இருக்கிறது. அது புழுவைக் கொல்லும் என்பது 1980-இல் தெரிய வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே செடி அதைச் செய்துகொண்டிருந்தது.

வயல் தக்காளியில் அந்தப் பொருள் மிகக் குறைவு.

*

பாத்தி ஒன்று 5 மீட்டருக்கு 4 மீட்டர். காய்ப்புழு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வு. 7 வகைத் தெளிப்பு, 3 தொகுதி, 21 பாத்தி.

வாய்க்கால் பக்கம் ஒரு தொகுதி. நடுவில் ஒன்று. வரப்புப் பக்கம் ஒன்று. முதலில் நீர் குடிக்கும் மண்ணும் கடைசியில் குடிக்கும் மண்ணும் ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் ஏழும் இருக்க வேண்டும்.

எது எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. காகிதத் துண்டுகள். மடிப்பு. குலுக்கல்.

நல்ல மண்ணில் நல்ல மருந்தை வைக்கத் தோன்றுகிறது. அந்தத் தோன்றுதல் கைக்கே தெரியாமல் கையில் இருக்கிறது. சீட்டு அதை அறியாது.

ரொனால்ட் ஃபிஷர் 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வயல் ஆய்வில் குலுக்கிப் போடும் வழக்கம் அவர் எழுத்துகளின் வழியே பரவியது. இந்தச் செம்மண் வரைக்கும்.

குச்சி நட்டு எண் எழுதுகிறோம். மை காய்கிறது.

*

குளோரான்ட்ரானிலிப்ரோல்.

இண்டாக்சாகார்ப்.

எமாமெக்டின் பென்சோயேட்.

ஸ்பினோசாட்.

வைரஸ் கரைசல்.

வேப்பங்கொட்டைச் சாறு.

தண்ணீர்.

*

ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்றால் ஒரு பாத்திக்கு 1 லிட்டர்.

முதல் மருந்து அந்த 1 லிட்டரில் 0.3 மில்லி. ஊசிக்குழலில் இழுக்கும்போது மூச்சு தானாக நின்று, பிறகு வருகிறது.

கார்பரில் என்ற பழைய மருந்தின் காலத்தில் ஹெக்டேருக்கு 2 கிலோத் தூள். இப்போது 150 மில்லி. அதற்குள் கொல்லும் பொருள் 30 கிராம். ஒரு சதுர மீட்டருக்கு 3 மில்லிகிராம்.

வெள்ளைத் திரவம் நீரில் இறங்குகிறது. சற்று நேரம் தனியாகச் சுழல்கிறது. பிறகு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

*

வேப்பங்கொட்டைப் பருப்பு, லிட்டருக்கு 50 கிராம். இரவெல்லாம் ஊறியிருக்கிறது. துணியில் கட்டிப் பிழிகையில் விரலிடுக்கில் பால் நிறம். மூக்கில் ஏறிய கசப்பு தொண்டையில் தங்குகிறது.

1962-இல் டெல்லிப் பக்கம் வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னாமல் விட்டதைப் பூச்சியியல் அறிஞர் எஸ். பிரதான் பதிவு செய்தார்.

பசியோடு வந்து, வாய் வைக்காமல் போவது.

*

வைரஸ் கரைசலின் அளவு புழுக்கணக்கில் சொல்லப்படுகிறது. நோய் கண்டு இறந்த 250 புழுக்களில் எவ்வளவு வைரஸ் இருக்குமோ அவ்வளவு, ஒரு ஹெக்டேருக்கு.

ஒரு பாத்திக்கு அரைப் புழு.

அரைப் புழுவோடு கொஞ்சம் வெல்லம் கரைகிறது. வெல்லம் இருந்தால் புழு விரும்பித் தின்னும்.

*

ஏழாவது வாளி. தண்ணீர் 1 லிட்டர்.

அதையும் கலக்குகிறோம். மற்ற ஆறையும் கலக்கிய அதே நேரம்.

*

மாலை. வெயில் தணியக் காத்திருக்கிறோம். புற ஊதாக்கதிர் பட்டால் வைரஸ் செயலிழக்கும். தேனீக்கள் போக வேண்டும்.

நீல வரி போட்ட தேனீ ஒன்று இன்னும் பூவில். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கிறது. குழலுக்குள் அடைபட்டிருந்த மகரந்தம் உதிர்ந்து அதன் வயிற்றில் படிகிறது.

ஈரமாக இருக்கும் ஸ்பினோசாட் அதற்கு ஆகாது. காய்ந்த பிறகு ஆபத்து குறைவு.

அதிர்வு நிற்கிறது. தேனீ அடுத்த பூவுக்குப் போகிறது.

காத்திருக்கிறோம்.

*

நீளக்கை சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி. மருந்து அடிப்பவரின் மூச்சு முகமூடிக்குள் கேட்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிகிறது.

முதுகில் டேங்க். இடது கை பம்பை ஏற்றி இறக்குகிறது. வலது கையில் குழாய். நாசிலிலிருந்து உள்ளீடற்ற கூம்பாய்ப் புகை விரிகிறது.

இரண்டு பேர் பாலிதீன் படுதாவைப் பிடித்துப் பாத்தியோடு நகர்கிறார்கள். சொட்டுகள் படுதாவில் மோதும் சத்தம், மிகச் சன்னமாய்.

காற்று திரும்புகிறது. கை தூக்கி நிறுத்தச் சொல்கிறேன். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

காற்று அடங்குகிறது.

*

பக்கத்து வயலில் ஒருவர் அடிக்கிறார். மூக்கை மறைத்து ஒரு துண்டு. வெறும் கால்.

இரண்டு வயல்களின் வாடையும் வரப்பின் மேல் கலக்கிறது.

*

தண்ணீர்ப் பாத்தியின் முறை.

டேங்க் கழுவிக் கழுவி ஊற்றப்படுகிறது. அதே நாசில். அதே நடை. அதே படுதா. இலை நனைகிறது. நுனியில் சொட்டு சேர்கிறது, கனக்கிறது, விழுகிறது.

எட்டி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

*

மறுநாள் எண்ணிக்கை.

பாத்திக்கு 10 செடி, அடையாள நாடா கட்டியவை. எல்லாம் உள்வரிசை. ஓர வரிசையை எண்ணுவதில்லை. அங்கே பக்கத்துப் பாத்தியின் சாரல் விழுந்திருக்கலாம்.

பூ. பூவின் அடி. இளம் இலை, மேல்பக்கம், அடிப்பக்கம். பிஞ்சு. காய். காம்படி.

இரண்டு. ஒன்று. இல்லை. இல்லை. மூன்று.

பேனா எழுதுகிறது.

இல்லை.

*

எண்ணும்போது எண்ணம் குறைகிறது. வீட்டு ஞாபகம் ஒன்று வருகிறது, இலை மறைவில் ஒரு பச்சைக்கோடு அசைகிறது, ஞாபகம் போய்விடுகிறது.

முதுகு வலிக்கிறது. வலியைக் கவனித்தால் செடி தவறிவிடும். செடியைக் கவனித்தால் வலி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

*

காயில் ஒரு வட்டத் துளை. வெளியே உடம்பு, உள்ளே தலை.

முன்பாதியை மட்டும் நுழைத்துத் தின்கிறது காய்ப்புழு. பின்பாதி வெயிலில். இதன் நிறம் பச்சை. பக்கத்துச் செடியில் இருப்பது பழுப்பு. இரண்டுக்கும் பக்கவாட்டில் விட்டு விட்டு ஒரு கருஞ்சாம்பல் கோடு.

ஒரு காயை முழுதாக முடிப்பதில்லை. கொஞ்சம் தின்று அடுத்த காய்க்குப் போகிறது. விட்டுப்போன துளையில் மழைநீர், பூசணம், அழுகல்.

தலை உள்ளே போய்விட்ட பிறகு மேலே விழும் சொட்டுக்கு அதன் வாய் எட்டாது. எட்டுகிற காலம் மிகச் சிறியது. பொரிந்ததற்கும் காயைக் கண்டதற்கும் இடைப்பட்ட சில நாட்கள்.

*

மூன்றாம் நாள் எண்ணிக்கை. குளோரான்ட்ரானிலிப்ரோல் பாத்தி.

இலையில் ஒரு புழு. தூரிகை நுனியால் தொட, தலையைச் சிறிது தூக்குகிறது. இறக்குகிறது.

தசைக்குள் கால்சியத்தைத் தேக்கி வைத்திருக்கும் வழிகளை இந்த மருந்து திறந்துவிடுகிறது. பிறகு அவை மூடுவதில்லை. தேங்கியது வடிகிறது. தசை இறுகிச் செயலிழக்கிறது. மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் தின்பது நின்றுவிடுகிறது. சாவு வர இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த இடைவெளியில்தான் இது இருக்கிறது. தின்னவில்லை. அசைகிறது.

தாளில் இரண்டு கட்டம்தான். உயிரோடு. இறந்தது.

உயிரோடு என்ற கட்டத்தில் ஒரு கோடு.

*

இண்டாக்சாகார்ப் புட்டியில் இருக்கும்போது முழு விஷம் இல்லை. புழுவின் உடலுக்குள் போன பிறகு, புழுவின் நொதிகளே அதை வெட்டி விஷமாக்குகின்றன. நரம்பில் சோடியம் செல்லும் வழி அடைபடுகிறது.

புழுவின் உடலுக்கென்று இருக்கும் நொதிகள். தம் வேலையைத்தான் செய்கின்றன.

*

எமாமெக்டினின் மூலம் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். ஜப்பானில் இட்டோ நகருக்கு அருகே, கடலோரக் கோல்ஃப் மைதானம் ஒன்றை ஒட்டி எடுத்த மண்ணிலிருந்து அதைப் பிரித்தவர் சதோஷி ஓமுரா. அதே குடும்பத்து இன்னொரு மருந்து, ஈக்கடியால் பரவும் நதிக்குருடு நோயிலிருந்து மனிதர்களின் பார்வையைக் காக்கிறது. 2015-இல் ஓமுராவுக்கு நோபல் பரிசு.

ஸ்பினோசாடின் மூலமும் மண்தான். கரீபியத் தீவில் கைவிடப்பட்ட ஒரு ரம் ஆலையின் மண், 1982.

குனிந்து ஒரு பிடி செம்மண்ணை எடுக்கிறேன். ஈரம். ஒரு வேர்நுனி. சிறு கல்.

*

வைரஸ் பாத்தி முதலில் அமைதியாக இருக்கிறது. மறுநாள் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. மூன்றாம் நாளும் பெரிதாக இல்லை. புழுக்கள் தின்கின்றன.

பிறகு அவை மேலே ஏறத் தொடங்குகின்றன.

செடியின் உச்சியில், பின்கால்களால் பற்றியபடி, ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. தோல் மெலிந்து உள்ளிருப்பது நிழலாகத் தெரிகிறது. உள்ளே எல்லாம் நீராகிவிட்டது. தொட்டால் உடையும்.

உடைந்தால் கீழ் இலைகளில் சிந்தும். கீழ் இலைகளைத் தின்னும் புழுக்களுக்கு அது போய்ச்சேரும். உச்சியில் இறப்பது வைரஸுக்குத் தோதானது.

தொடவில்லை. எண்ணிக்கொண்டு நகர்கிறேன்.

*

ஏழாம் நாள். பறிக்க வந்த பாட்டி தண்ணீர்ப் பாத்தியின் ஓரம் நிற்கிறார். இடுப்பில் கூடை. ஒரு காயைத் திருப்பிப் பார்க்கிறார். இன்னொன்றைத் திருப்புகிறார்.

"இது என்ன பாவம் பண்ணுச்சு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சொத்தையைத் தனியே போட்டுக்கொண்டு போகிறார்.

*

கேள்வி பாத்தியிலேயே இருக்கிறது.

*

தண்ணீர்ப் பாத்தியில் துளை இல்லாத காயும் இருக்கிறது. கையில் எடுக்க, காம்பைச் சுற்றிக் கரும்பச்சை. கீழே வெளிர்ந்து, அடியில் மஞ்சள் கலந்த ஒரு வெண்மை. கனம். குளிர்ச்சி.

யாரும் காக்காமல் தப்பியது.

*

அதே பாத்தியில் சில புழுக்கள் காணவில்லை. சில இறந்து கிடக்கின்றன.

எதுவும் தெளிக்காத இடத்திலும் சாவு நடக்கிறது. சிலந்தி, குளவி, பறவை, நோய், வெயில்.

டபிள்யூ. எஸ். அபாட் 1925-இல் ஒரு சூத்திரம் எழுதினார். மருந்து அடித்த இடத்துச் சாவிலிருந்து, அடிக்காத இடத்தில் தானாக நடந்த சாவைக் கழிக்கச் சொல்லும் சூத்திரம். மீதிதான் மருந்தின் கணக்கு. 1955-இல் ஹெண்டர்சனும் டில்டனும் தெளிப்பதற்கு முந்திய எண்ணிக்கையையும் அதில் சேர்த்தார்கள்.

எல்லாக் கணக்கும் தண்ணீர்ப் பாத்தியிலிருந்து கிளம்புகிறது.

*

ரோதம்ஸ்டெட்டில் பிராட்பால்க் என்று ஒரு கோதுமை வயல். 1843-இல் தொடங்கியது. அங்கே ஒரு நீளத் துண்டு நிலத்துக்கு அன்றிலிருந்து எருவும் இல்லை, உரமும் இல்லை. விதைக்கிறார்கள். அறுக்கிறார்கள். எடை போடுகிறார்கள். மெலிந்த பயிர். இன்றும் அப்படியே.

ஒன்றும் கொடுக்காமல், ஆனால் விட்டுவிடாமல்.

*

தண்ணீர்ப் பாத்தியின் கீழ் இலையில் ஒரு சிறு கூடு. வெளிர் சாம்பல் நிறம், கரும்புள்ளிகள். அரிசி மணி அளவு. கூட்டின் ஓரத்தில் வற்றிச் சுருங்கிய ஒரு தோல்.

கேம்போலெட்டிஸ் என்ற குளவியின் வேலை. இளம்புழுவுக்குள் ஒரு முட்டையை இறக்குகிறது. உள்ளிருந்து வளர்ந்தது வெளியே வந்து கூடு கட்டுகிறது. ஓரத்தில் ஒட்டியிருப்பது புழுவாக இருந்ததின் மிச்சம்.

மருந்துப் பாத்திகளிலும் தேடுகிறேன். ஒரு கூடு கண்ணில் படுகிறது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இல்லை.

தாளில் கூடுகளுக்கென்று ஒரு கட்டம் வரைகிறேன்.

*

புழு கடித்த தக்காளிச் செடி சும்மா இருப்பதில்லை. காயம்பட்ட இலையில், படாத இலையில்கூட, புரதத்தைச் செரிக்க விடாத பொருட்கள் சேர்கின்றன. கிளாரன்ஸ் ரயன் 1972-இல் தன் சகாவோடு இதை எழுதினார்.

செடியின் எதிர்ப்பு ஏற ஏற, இலை தின்னும் புழுக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்குவதை 2017-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கண்டார்கள். அங்கே பார்த்தது ஸ்போடோப்டெரா இனப் புழு. காய்ப்புழு அதற்குக் காத்திருப்பதில்லை. நெருக்கினாலே போதும்.

ஒரு காயில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கிறது.

*

சத்தமில்லாத வயல். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிறது.

*

பறிப்பு. ஒவ்வொரு பாத்தியின் காயும் தனிக் கூடையில். நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். எண்ணிக்கை, பிறகு எடை.

தராசின் முள் ஆடுகிறது. நிற்கும் வரை பார்க்கிறேன்.

மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே காத்திருக்கும் நாட்கள் லேபிளில் இருக்கின்றன. குளோரான்ட்ரானிலிப்ரோலுக்குத் தக்காளியில் 3. சந்தையில் விலை ஏறும் நாள் அந்த மூன்றுக்குள் வந்துவிடுவதும் உண்டு. அன்று வயலோரத்தில் வண்டி நிற்கும்.

ஒரு பழத்தைத் துடைத்து யாரோ கடிக்கிறார்கள். சாறு முழங்கை வரை வழிகிறது. தண்ணீர்ப் பாத்தியின் பழம்.

*

லேபிளில் ஒரு சாய்சதுரம். அதன் கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. ஆய்வுக்கூட விலங்குகளில் பாதி இறக்க எவ்வளவு வேண்டும் என்ற அளவிலிருந்து அந்த நிறம் வருகிறது. கிலோ எடைக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டுமென்றால் பச்சை.

பச்சைக்குள் எல்லோரும் இல்லை. குளவி இல்லை. ஓடைநீரில் இருப்பவை இல்லை.

விரலால் அந்த நிறத்தைத் தொடுகிறேன். வழவழப்பான காகிதம்.

*

இரவு. பொறியில் ஒரு ரப்பர் குப்பி. அதில் பெண் அந்தின் வாசனை, ஆலையில் செய்தது. மனித மூக்குக்கு ஒன்றுமில்லை.

ஆண் அந்துகள் இருட்டுக்குள்ளிருந்து வருகின்றன. டார்ச் வெளிச்சத்தில் ஒன்று பொறியின் விளிம்பைச் சுற்றுகிறது. வைக்கோல் நிறச் சிறகு. சிறகில் ஒரு கரும்புள்ளி.

எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. துவரையில் வளர்ந்திருக்கலாம். அவரையில், செண்டுமல்லியில், பருத்தியில். காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடிய பூச்சி.

எந்த மருந்துகளைத் தாண்டி வந்தது என்பதும் அதன் உடம்பில் இருக்கிறது. வெளியே எழுதியிருக்கவில்லை.

*

1987. ஆந்திராவின் பருத்தி வயல்கள். பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தும் இந்தப் புழு சாகவில்லை. கடன் வாங்கி அடித்தவர்கள் இருந்தார்கள். உயிரை விட்டவர்களும் இருந்தார்கள்.

ஒவ்வொரு தெளிப்பிலும் சில தப்புகின்றன. தப்பியவை இணைகின்றன. முட்டை இடுகின்றன.

இன்றைய எண்ணிக்கைத் தாளில் சில கட்டங்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. அந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

*

2014-இல் இன்னொன்று இந்தியாவுக்குள் வந்தது. டூட்டா, ஊசிப்புழு. தென்னமெரிக்காவில் பிறந்த தக்காளியைத் தேடி, தென்னமெரிக்காவில் பிறந்த புழு.

இலையின் இரு தோல்களுக்கு நடுவே தின்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் வெளுத்த திட்டு. திட்டுக்குள் ஒரு சிறு நிழல் நகர்கிறது.

அதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.

*

கணக்கு மேசை. மின்விசிறிக்குத் தாள்கள் படபடக்கின்றன.

பூஜ்ஜியங்கள் நிறைய. பூஜ்ஜியம் மிகுந்தால் கணக்கு சரியாக நிற்பதில்லை. அதனால் ஒவ்வொரு எண்ணோடும் 0.5 கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது வழக்கம்.

புழு இல்லாத செடியிலும் அரைப் புழு வைக்கப்படுகிறது. கணக்கு முடியும் வரை.

*

சராசரிகள் வரிசையில் வந்து நிற்கின்றன. பக்கத்தில் எழுத்துகள். வித்தியாசம் போதாத இரண்டுக்கு ஒரே எழுத்து. ஒன்றைவிட மற்றொன்று நல்லது என்று சொல்ல இந்த 21 பாத்தி போதவில்லை என்று அதற்குப் பொருள்.

வேப்பங்கொட்டைச் சாறு மருந்துகளுக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே.

கடைசி வரியில் தண்ணீர்ப் பாத்தி. அதன் சொத்தைச் சதவீதம்தான் அட்டவணையில் பெரிய எண்.

கூடுகளின் கட்டத்திலும் பெரிய எண் அங்கேதான்.

இரண்டு எண்களும் ஒரே வரியில் இருக்கின்றன. இடையில் சில அங்குல வெள்ளைத் தாள்.

*

சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் எண்கள் சற்று வேறு. மழை ஒரு நாள் முந்தி வந்திருந்தால் இன்னும் வேறு.

அட்டவணையின் மேல் இடத்தின் பெயரையும் பருவத்தையும் ஆண்டையும் எழுதுகிறேன்.

*

ஊர்க் கடை. ஒரு விவசாயி கல்லாப் பெட்டியின் முன் நிற்கிறார். போன முறை அடித்த மருந்தின் காலிப் புட்டி அவர் பையில்.

ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். மாற்றி அடிக்க வேண்டும், மாற்றுவது உள்ளே வேலை செய்யும் விதத்திலும் மாறியிருக்க வேண்டும்.

கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைக்கிறார். பெயர் வேறு. படம் வேறு. மூடியின் நிறமும் வேறு. குளோரான்ட்ரானிலிப்ரோலின் இந்தியக் காப்புரிமை 2022-இல் முடிந்தது. அதே பொருள் இப்போது பல பெயர்களில் வருகிறது.

அவர் புட்டியை வெளிச்சத்துக்குத் திருப்புகிறார். பெரிய எழுத்துகளைத் தாண்டிச் சிறிய எழுத்துக்குக் கண் போகிறது. பையிலிருந்து காலிப் புட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறார். இரண்டிலும் ஒரே மருந்தின் பெயர், ஒரே 18.5 சதவீதம்.

"வேற இருக்குதுங்களா?"

"நாளைக்கு வரும்."

அவருடைய செடிகள் பூவும் பிஞ்சுமாக நிற்கிற சமயம். ஒரு நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கிறார். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை விரித்தபடி காத்திருக்கிறார்.